காணி உறுதிகளோடு பம்பலப்பிட்டிக்கு



கொழும்புக்குப் போகும் நம் பெண்கள் எங்கே இறங்குவார்கள் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெருநாள் நெருங்கினால் புறக்கோட்டை. கலியாண வீடென்றால் வெள்ளவத்தைப் புடவைக் கடைகள். சுகமில்லையென்றால் ஆஸ்பத்திரி. ஆனால் காலி வீதியில், பம்பலப்பிட்டியில், மெஜஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் யுனிட்டி பிளாஸா என்றொரு கட்டடம் இருக்கிறது. கணனி வாங்கவும் திருத்தவும் நாட்டின் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து சேரும் இடம் அது. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களும் வாலிபப் பிள்ளைகளும்தான். வீட்டுப் பெண்கள் மெஜஸ்டிக் சிட்டிக்குள் நுழைந்து திரும்பி வந்துவிடுவார்கள். பக்கத்துக் கட்டடத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு நாள், ஐம்பத்தெட்டு வயதான என் ராத்தாவை அந்தக் கட்டடத்துக்கு அழைத்துப் போக நேர்ந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு கணனி இருக்கலாம். அதற்குள் பிள்ளைகளின் படங்கள், கலியாண வீடியோ, ஹஜ்ஜுக்குப் போன உம்மாவின் கடைசிப் புகைப்படம் என்று ஏதாவது கிடக்கலாம். ஆகவே அந்தப் பயணத்தைக் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணனியின் கதை. ராத்தாவின் கணவர், என் மச்சான், யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்தவர். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது எங்கள் புத்தளத்துக்கு. கையில் குழந்தையையும் சில உடுப்புகளையும் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் எத்தனை பேரால் காணி உறுதியை எடுத்து வர முடிந்திருக்கும்? சிலர் எடுத்து வந்தார்கள். சிலர் 2002இல் ஏ-9 பாதை திறந்தபோது போய்த் தேடி எடுத்தார்கள். எடுத்து வந்ததையும் முகாமின் ஓலைக் கொட்டிலில் மழையும் கறையானும் விட்டு வைக்கவில்லை.

மச்சான் 2013இல் ஒரு மேசைக் கணனியும் ஒரு ஸ்கேனரும் வாங்கினார். அப்போதிருந்து வீடு வீடாகப் போய், கேட்டு வாங்கி, உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் நிக்காஹ் பதிவுகளையும் ஸ்கேன் செய்து பத்திரப்படுத்தினார். 112 குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் போட்டு, ஓர் அப்பியாசக் கொப்பியில் உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி எல்லாம் பேனாவால் எழுதி வைத்தார். கூலி வாங்கவில்லை. 2021இல் வபாத்தானார். அல்லாஹ் அவரின் கப்றை விசாலமாக்குவானாக. கணனி ராத்தாவின் பொறுப்புக்கு வந்தது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில், பூப்போட்ட துணியால் மூடி வைத்திருந்தார். ஊரார் யாராவது வந்து கேட்டால் திறந்து அச்சிட்டுக் கொடுப்பார்.

2022ஐ நாம் மறக்க முடியாது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலம். எழுதிக் கொண்டிருக்கும்போதே கரண்ட் போவதும் வருவதும் கணனிக்கு நல்லதல்ல. புத்தளத்தின் உப்புக் காற்றும் இரும்புச் சாமான்களை எப்படிச் சாப்பிடும் என்று களப்போரத்தில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பதினொரு வருடம் ஓடிய சாமானுக்கு வயதே ஒரு நோய்தான். 2024இல் கணனி திறக்கப் பத்து நிமிடம் எடுத்தது. பிறகு இடையிடையே உள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் ஹாட் டிஸ்க்கிலிருந்து வருவது. அது என்னவென்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். கொப்பி அளவிலும் குறைந்த ஓர் உலோகப் பெட்டி. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ எடை. உள்ளே கண்ணாடிபோல் மினுங்கும் வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். தட்டுக்கு மேலே பழைய கிராமபோன் ஊசிபோல் ஒரு கை ஆடும். ஆனால் கிராமபோன் ஊசி தட்டைத் தொடும், இது தொடாது. தொட்டால் தட்டுக் கீறிவிடும். தலைமயிரின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதந்துகொண்டே வாசிக்கும். இவ்வளவு நுட்பமான சாமானைச் சமையலறைக்குப் பக்கத்து அறையில் பதினொரு வருடம் ஓட வைக்கிறோம். 1956இல் ஐபிஎம் கம்பனி செய்த முதலாவது ஹாட் டிஸ்க்கில் 50 தட்டுகள் இருந்தன. எடை ஒரு தொன் அளவு. அதில் அடங்கியது சுமார் 50 இலட்சம் எழுத்துகள்தான். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நல்ல படத்துக்குச் சரி. சுப்ஹானல்லாஹ்.

எங்கள் தெருவில் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பாடம் படிக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். ராத்தாவிடம் தைக்கப் பழக வருபவள். செலவில்லாமல் பார்க்கக் கூடியதை எல்லாம் பார்த்தது அவள்தான். முதலில் மூடியைக் கழற்றித் தூசு தட்டினாள். பிறகு டிஸ்க்கையும் கணனியையும் இணைக்கும் வயரை மாற்றினாள், 450 ரூபாதான். பல நேரம் கோளாறு அந்த வயரில்தான் இருக்குமாம், டிஸ்க்கே செத்துவிட்டது என்று புதிதை வாங்குகிறவர்கள் நிறையப் பேராம். மாற்றியும் குணமில்லை. அடுத்ததாக, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தாள். ஹாட் டிஸ்க் தன் சுகவீனத்தைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை இந்த மென்பொருள் நிறத்தில் காட்டும்: நீலம் என்றால் சுகம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. ராத்தாவின் டிஸ்க் மஞ்சள். பழுதான இடங்களிலிருந்து வேறிடத்துக்கு மாற்றியவை இத்தனை, வாசிக்க முடியாமல் காத்திருப்பவை இத்தனை என்று இரண்டு கணக்கு அதில் இருக்கும். இரண்டுமே கூடியிருந்தன. மறுநாள் பார்த்தபோது இன்னும் கூடியிருந்தது.

அந்தப் பிள்ளை அதோடு கணனியை நிறுத்திவிட்டாள். "மாமி, இனி இதைப் போடாதீங்க. போடப் போட மோசமாகும்" என்றாள். பதினெட்டு வயதுப் பிள்ளை சொன்ன அந்த ஒரு வார்த்தை எத்தனை பெறுமதியானது என்பது எங்களுக்குக் கொழும்பில்தான் விளங்கியது. சாகக் கிடக்கும் டிஸ்க்கைப் பரீட்சித்துப் பார்ப்பதும் ஒரு வேலை வாங்குவதுதான். விண்டோஸிலேயே இருக்கும் பழுது பார்க்கும் கட்டளையை ஓடவிடுவது, உள்ளே இருப்பவற்றை ஒழுங்குபடுத்தும் மென்பொருளைப் போடுவது எல்லாம் சுகமான டிஸ்க்குக்கு உரியவை. காய்ச்சல்காரரை எழுப்பி ஓடச் சொல்லி இதயத்தைச் சோதிக்கலாமா?

ஆனால் நம் ஊரில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. ஒருவர், பொலித்தீன் பையில் சுற்றி ஒரு இரவு ஐஸ் பெட்டியில் வைத்தால் சரிவரும் என்றார். வெளியே எடுத்ததும் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் பூப்பதுபோல் உள்ளேயும் ஈரம் பூக்கும். மிதக்கும் ஊசி அந்த ஈரத்தில் என்னவாகும்? இன்னொருவர் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். வேறொருவர் மூடியைத் திறந்து ஊசியைக் கையால் நகர்த்தலாம் என்றார். அந்த இடைவெளியில் சாதாரணத் தூசியே மலை. கீழே இருக்கும் பச்சை மின்சுற்றுப் பலகையை அதே மாதிரி வேறொன்றிலிருந்து மாற்றலாம் என்றும் சொன்னார்கள். மிகப் பழைய டிஸ்க்குகளில் அது நடக்கும். பிற்காலத்து டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய சொந்த அளவுகள் அந்தப் பலகையின் ஒரு சில்லில் பதிந்திருப்பதால், பலகையை மட்டும் மாற்றினால் பொருந்தாது. ஊரிலுள்ள ஒரு திருத்துமிடத்திலோ, போமற் அடித்துப் புதிதுபோல் தருகிறோம், 2,500 ரூபா என்றார்கள். போமற் அடித்தால் கணனி திறக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ராத்தா சொன்னார்: "கம்பியூட்டர் எனக்குத் தேவையில்ல தம்பி. உள்ளுக்கு இருக்கிறதுதான் தேவை."

கையில் இருந்தது சீட்டுக் காசு 25,000 ரூபா. பஸ் காசு வேறு. அதற்குமேல் இல்லை.

நானே எடுத்துப் போய் வருகிறேன் என்றேன். ராத்தா சம்மதிக்கவில்லை. "எது எங்க கிடக்கென்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கொப்பியும் அவர்தான், கணனியும் அவர்தான். ஆகவே இருவருமாகப் புறப்பட்டோம். புறப்படுவதற்கு முந்திய இரவு, அந்தக் கொப்பியை வைத்து ஒரு தாளில் அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

ஸுப்ஹுக்குப் பின் முதல் பஸ். கழற்றிய டிஸ்க்கைப் பருத்தித் துணியில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அசையாமல் வைத்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டார். மேல் தட்டில் வைக்கச் சொன்ன கொண்டக்டரை ஒரு பார்வை பார்த்தார், அவர் பேசாமல் போய்விட்டார். நிறுத்தி வைத்த டிஸ்க்கில் ஊசி ஒதுங்கி இருக்கும். பஸ் குலுக்கலை அது தாங்கும். கீழே விழுந்தால்தான் தாங்காது. ஆகவே மடிதான் சரியான இடம்.

புத்தளம் – கொழும்புப் பாதை சுமார் 130 கிலோமீற்றர். பாலாவியைத் தாண்டியதும் உப்பளங்களின் வெள்ளை வரம்புகள் மங்கிய வெளிச்சத்தில் தெரியும். மதுரங்குளி, முந்தல் என்று காய்ந்த நிலம். சிலாபம் வந்ததும் தென்னந்தோப்புகள் இருபுறமும் நெருங்கிவிடும். மாரவில, வென்னப்புவ, கொச்சிக்கடை, நீர்கொழும்பு. அதன்பிறகு வாகன நெரிசல். ஜா-எலயிலிருந்து வத்தளை வரை பஸ் ஊர்ந்தது. ராத்தாவுக்கு இந்தப் பாதை முப்பத்து நாலு வருடப் பழக்கம். ஆனாலும் ஜன்னல் பக்கம் பார்க்காமல், கையில் தஸ்பீஹோடு டின்னைப் பிடித்தபடியே வந்தார். புறக்கோட்டையில் இறங்கி ஆளுக்கொரு ப்ளேன்டீயும் ரோல்ஸும். பிறகு கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் ஏறினோம். சகோதரிகளே, பம்பலப்பிட்டிக்கு 100, 101 இலக்க பஸ்களும் போகும். ஆனால் நேரமிருந்தால் ரயிலில் போங்கள். கொள்ளுப்பிட்டிப் பக்கம் கடல், தண்டவாளத்துக்கு ஒட்டினாற்போல் வந்துவிடும். பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு சிறு நடைதான் காலி வீதிக்கு.

யுனிட்டி பிளாஸாவுக்குள் நுழைந்ததும் கண் கூசும். மாடிக்கு மாடி கண்ணாடிக் கடைகள். ஒரு கடையில் புத்தம் புது மடிக்கணனிகள். அடுத்ததில் விசைப்பலகைகளும் வயர்களும் கட்டுக்கட்டாக. இன்னொன்றில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பொடியன், அவனுக்கு முன்னால் பிரித்துப் போட்ட நாலு கணனிகள். சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே வசனத்துக்குள் ஓடும். முகத்தைப் பார்த்தே மொழியை மாற்றிக்கொள்வார்கள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனாலும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இதைப் புறக்கோட்டைக்குப் பழகிய எங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் போனது தகவல் மீட்பதையே தொழிலாகச் செய்யும் ஓர் இடத்துக்கு. மரியாதையாகக் கதைத்தார்கள். பார்ப்பதற்கு ஒரு கட்டணம். எடுத்துத் தருவதென்றால் 60,000 ரூபாவிலிருந்து. கேட்டதும் ராத்தாவின் முகம் வாடிவிட்டது. ஆனால் அது கொள்ளையல்ல. ஊசி உடைந்த டிஸ்க்கைத் தூசில்லாத அறையில் திறந்து, அதே இனத்து வேறொரு டிஸ்க்கின் உறுப்பைப் பொருத்தி எடுக்கிற வேலை அது. கணனிக்கு டிஸ்க் இருப்பதே தெரியவில்லை, இடைவிடாமல் 'டிக் டிக்' என்று அடிக்கிறது, அல்லது சுரண்டுவதுபோல் கிறீச்சென்று கேட்கிறது என்றால், உடனே நிறுத்திவிட்டு அப்படிப்பட்டவர்களிடம்தான் போக வேண்டும். காசில்லையென்றால் காசு சேரும்வரை அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். ராத்தாவின் டிஸ்க் அந்த நிலைக்கு வரவில்லை. இடையிடையே தடுமாறினாலும் வாசித்துக்கொண்டிருந்தது.

மேல் மாடியில் ஒரு சிறிய கடை. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி, நம்மவர். மஞ்சள் நிறக் கதையைச் சொன்னதும் முதல் கேள்வி கேட்டார்: "இதுக்குப் பிறகு யாராவது போட்டுப் பார்த்தாங்களா ஹஸ்ரத்?" இல்லை என்றேன். "அப்ப ச்சான்ஸ் இருக்கு." இரண்டாவது கேள்வியை என்னிடம் கேட்கவில்லை; ராத்தாவின் பக்கம் திரும்பினார்.

"மாமி, முழுசா வரும்னு சொல்ல ஏலாது. இது எப்ப நிக்கும்னும் தெரியாது. எது முதல்ல வேணும்?"

ராத்தா கைப்பையைத் திறந்து, முந்திய இரவு எழுதிய தாளை எடுத்துக் கொடுத்தார். ஒன்று, காணி உறுதிகள். எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். இரண்டு, பிறப்புச் சான்றிதழ்களும் நிக்காஹ் பதிவுகளும். மூன்று, சோனகத்தெருவினதும் ஒஸ்மானியாக் கல்லூரியினதும் பழைய படங்கள். நாலு, மச்சான் ஓதிப் பதிந்த கிராஅத்துகள், ஒன்பது. ஐந்து, மகளின் கலியாண வீடியோ. விண்டோஸும் மற்ற மென்பொருட்களும் தேவையில்லை.

அந்தத் தம்பி தாளைப் பார்த்துவிட்டு, "மாமா ஓதினது நாலாவதா?" என்று கேட்டார். "அது எங்கட" என்றார் ராத்தா. "மேல இருக்கிறது ஊராக்கள்ட அமானிதம்."

அதற்குப் பின் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வேலையைத் தொடங்கினார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய வேலை தெரிந்த கைகள் நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் எது பெறுமதியானது, எது போனாலும் பாதகமில்லை என்பது எந்தத் திருத்துனருக்கும் தெரியாது. அது வீட்டாருக்குத்தான் தெரியும். வீட்டாரிலும் பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் தெரியும். 500 ஜிகாபைட் டிஸ்க்கில் உறுதிகள் பிடித்த இடம் 4 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். நூறில் ஒரு பங்கு. அந்தத் தாள் இல்லாமல் நான் தனியே போயிருந்தால், "எல்லாம் வேணும்" என்றுதான் சொல்லியிருப்பேன். கலியாண வீடியோ ஓடி முடிவதற்குள் டிஸ்க்கும் முடிந்திருக்கலாம். உங்கள் கணனியில் எது முதலில் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சுகமாக இருக்கும்போதே எழுதலாம், காசு செலவில்லை.

அவர் செய்த முறையைச் சொல்கிறேன். டிஸ்க்கிலிருந்த விண்டோஸைத் திறக்கவேயில்லை. ஒரு பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஓட்டினார். எங்கள் டிஸ்க்கை வாசிக்க மட்டும் முடியும், அதில் ஒரு புள்ளிகூட எழுத முடியாது என்ற விதத்தில் இணைத்தார். தாளில் முதலாவதாக இருந்த கோப்புறையைப் பிரதி எடுக்கத் தொடங்கினார். 1,900க்கு மேற்பட்ட பக்கங்கள். சாதாரணமாக இரண்டு மூன்று நிமிட வேலை. நாற்பது நிமிடம் பிடித்தது. சில இடங்களில் 'டிக்' என்று கேட்கும், எங்கள் மூச்சு நிற்கும், பிறகு நகரும். பதினொரு பக்கங்கள் வரவில்லை. அவற்றோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டு இரண்டாவது, மூன்றாவது, நாலாவது என்று போனார்.

அவை முடிந்ததும் டீடீரெஸ்கியூ என்ற மென்பொருளை ஓடவிட்டார். இதுவும் இலவசம். இது கோப்புகளைப் பார்ப்பதில்லை. டிஸ்க்கின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு இறக்கும். விண்டோஸில் நாம் பிரதி எடுத்தால் பழுதான ஓர் இடத்தில் முட்டி அங்கேயே நின்று திரும்பத் திரும்ப இடிக்கும். இது அப்படியல்ல. சுகமான இடங்களை முதலில் வேகமாக எடுத்துக்கொண்டு, பழுதான இடத்தைக் குறித்துவிட்டுத் தாண்டிப் போகும். கடைசியில் திரும்பி வந்து, அந்த இடங்களைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்கும். கரண்ட் போனாலும் குறிப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ராத்தாவுக்கு இது உடனே விளங்கிவிட்டது. "கறையான் அரிச்ச துணியில நல்ல பக்கத்த முதல்ல வெட்டி எடுக்கிற மாதிரி" என்றார்.

அது ஓடிக்கொண்டிருக்கையில் லுஹர் தொழுதுவிட்டு வந்து, கடை வாசலில் போட்ட பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது ஹப்ஸா (ரழி) அவர்கள். யமாமாப் போரில் குர்ஆனை மனனமிட்டவர்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரழி) அவர்களின் வற்புறுத்தலில் அபூபக்ர் (ரழி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களைக் கொண்டு குர்ஆனை ஏடுகளில் ஒன்று திரட்டினார்கள். அந்த ஏடுகள் கலீபாக்கள் இருவருக்கும் பின் யாரிடம் இருந்தன? ஹப்ஸா (ரழி) அவர்களின் வீட்டில். பின்னர் உஸ்மான் (ரழி) அவர்கள் அவற்றை வாங்கிப் பிரதிகள் எடுத்துப் பல நகரங்களுக்கு அனுப்பிவிட்டு, மூல ஏடுகளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மத்ரஸாவில் எத்தனையோ தடவை படித்துக் கொடுத்த பாடம்தான். ஒரு பெண்ணின் வீட்டிலிருந்த ஏடுகளிலிருந்துதான் நகரங்களுக்கான பிரதிகள் போயின என்பதை, பிஸ்கட் டின்னோடு ராத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நினைக்கும்போது அந்தப் பாடம் வேறு விதமாகத் தெரிந்தது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அச்சிட்ட நூல்களை உலகின் வேறெங்காவது தேடி வாங்கலாம். வேறு பிரதியே இல்லாத ஏட்டுச் சுவடிகளை எங்கே வாங்குவது?

எடுத்ததை வைக்கப் புதிய டிஸ்க் வேண்டுமே. கீழ் மாடியில் விசாரித்தபோது பாதி விலைக்குப் பாவித்தது இருக்கிறது என்றார்கள். ஆசையாக இருந்தது. மேலிருந்த தம்பி ஒரு விடயம் சொல்லித் தந்தார். வாங்குமுன் அதே கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் போட்டு, எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வருடம் நிறுத்தாமல் ஓடினால் 8,760 மணித்தியாலம். நாங்கள் பார்த்தது 40,000ஐத் தாண்டியிருந்தது. நாலரை வருடம் இரவு பகலாகக் கண்காணிப்புக் கமராவில் ஓடியதாக இருக்கலாம். ராத்தாவின் பழைய டிஸ்க்கோ பதினொரு வருடத்தில் 12,000கூட ஓடவில்லை. நோயாளியை விட வயோதிபரை வாங்கி என்ன செய்வது? அந்தக் கணக்கைப் பூச்சியமாக்கி விற்கிறவர்களும் உண்டாம். ஆகவே ஏனைய சாமானில் பாவித்ததை வாங்கினாலும், பிரதி வைக்கும் டிஸ்க்கை மட்டும் புதிதாக வாங்குங்கள். ஒரு டெராபைட் வெளி டிஸ்க் ஒன்று 17,500 ரூபா கொடுத்து வாங்கினோம். 64 ஜிகாபைட் பென் டிரைவ் 1,900. தம்பியின் கூலி 4,000. வயரையும் சேர்த்தால் 23,850. சீட்டுக் காசுக்குள் அடங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

வேலை இரவு முழுவதும் ஓட வேண்டியிருந்ததால் தெமட்டகொடையில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் பத்து மணிக்குப் போனோம். பழைய டிஸ்க் விடியற்காலையில் முற்றாக நின்றுவிட்டதாம். அதற்குள் பெரும்பகுதி இறங்கியிருந்தது. விடுபட்ட பதினொரு உறுதிப் பக்கங்களில் எட்டு, இரவில் எடுத்த பிரதியிலிருந்து கிடைத்தன. சான்றிதழ்கள் எல்லாம் வந்தன. படங்களில் சில பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். கிராஅத்துகள் ஒன்பதில் ஏழு முழுமையாக வந்தன; ஒன்று நடுவில் நின்றுவிடுகிறது; ஒன்று திறக்கவில்லை. கலியாண வீடியோ போய்விட்டது. ராத்தா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான் தொலைபேசியில் கொஞ்சம் அழுதாள்.

வெளி டிஸ்க் இப்போது ராத்தாவின் அலுமாரியில். பென் டிரைவில் உறுதிகளும் சான்றிதழ்களும் மட்டும். அது அக்குறணையிலுள்ள மகளின் வீட்டில். பென் டிரைவை நம்பி நீண்ட காலம் விடக்கூடாது என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம். கூகிள் கணக்கொன்றில் 15 ஜிகாபைட் வரை இலவசமாக வைக்கலாம். தம் குடும்பத்துப் பொருட்களைத் தையல் பழகும் அந்தப் பிள்ளையைக் கொண்டு அதில் ஏற்றிவிட்டார். ஊராரின் உறுதிகளை ஏற்றுவதற்கு ஒவ்வொரு குடும்பத்திடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார். பழைய சோனகத்தெருப் படங்களை, சம்பந்தப்பட்டவர்கள் விரும்பினால், 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

கிடைக்காத மூன்று பக்கங்கள் யாருடையவை என்று கொப்பியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 37ஆம், 58ஆம், 90ஆம் இலக்கக் குடும்பங்கள். ஊர் திரும்பிய கிழமையே ராத்தா கொப்பியோடு போனார். இரண்டு வீடுகளில் மூல உறுதி இன்னும் இருந்தது. வாங்கிக் கைத்தொலைபேசியிலேயே தெளிவாகப் படம் பிடித்துக்கொண்டார். 90ஆம் வீட்டில் மூல உறுதி இல்லை, மூதாட்டியும் போன வருடம் மௌத்தாகிவிட்டார். கொப்பியில் மச்சானின் கையெழுத்தில் உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் திகதியும் இருந்தன. அவற்றை வைத்து உறுதிப்படுத்திய பிரதி கேட்டு, அவரின் மகன் யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்.